இலவசமாகக் கிடைக்கும் 'ரிஸ்க்-ஃபைவ்': ஆர்ம், இன்டெலுடன் போட்டி போட முடியுமா?

உங்கள் கைத்தொலைபேசியில் இருக்கும் சில்லு, அநேகமாக ஆர்ம் நிறுவனத்தின் கட்டளைத் தொகுப்பில் இயங்குகிறது. மடிக்கணினியில் இன்டெல், ஏஎம்டி பயன்படுத்தும் 'எக்ஸ்86' இருக்கலாம்.

கட்டளைத் தொகுப்புன்னா என்ன?

மென்பொருள் சில்லிடம் பேசும் மொழி. ஆர்ம் மொழியில் சில்லு செய்ய உரிமம் வாங்கவேண்டும். 2025இல் மலேசியா ஆர்முடன் செய்துகொண்ட 10 ஆண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 250 மில்லியன் அமெரிக்க டாலர்.

ரிஸ்க்-ஃபைவ் எப்படி வேறுபடுகிறது?

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010இல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். சென்னை ஐஐடியின் 'சக்தி' சில்லு அதில் உருவானதுதான்.

ஆனா, சில்லே இலவசம்னு நினைச்சிடாதீங்க. இலவசம் மொழி மட்டும்தான். வடிவமைக்கவும் சோதிக்கவும் தயாரிக்கவும் பணம் வேண்டும்.

போட்டி எங்கே?

சிறிய கருவிகளில் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. 2024இல் வெளியான 'ராஸ்பெரி பை பிகோ 2' பலகையின் சில்லில் இரண்டு வகையும் உண்டு. ஆர்மா, ரிஸ்க்-ஃபைவா என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

கைத்தொலைபேசி, மடிக்கணினியில்தான் சிக்கல். ஒரு மொழிக்காகத் தயாரான செயலி, இன்னொன்றில் அப்படியே ஓடாது.

அப்போ மாறவே முடியாதா?

முடியும். ஆப்பிள் 2020இல் மேக் கணினிகளை இன்டெலிலிருந்து ஆர்முக்கு மாற்றத் தொடங்கியது. பழைய செயலிகளை ஓடவைக்க மொழிபெயர்ப்பு மென்பொருளும் தந்தது. சில்லு, இயங்குதளம் இரண்டும் அதன் கையில் இருந்தன.

ரிஸ்க்-ஃபைவ் யாருக்கும் சொந்தமில்லை. அதன் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். எல்லாரையும் ஒரே நேரத்தில் மாறச்சொல்ல அங்கே ஆளில்லை.