பிழை எந்த வரியில்?

வாக்கியமா திருக்கணிதமா என்ற வழக்கு ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் பஞ்சாங்கம் புரட்டுகிறவர்களுக்குப் புதிதல்ல. ஒரு தரப்புக்கு மரபு முழுக்கச் சரி. மறு தரப்புக்கு முழுக்கத் தப்பு. இரண்டு பேருமே கேட்காத கேள்வி: எந்த நாளில், எந்த வரியில் தப்பு?

வாக்கிய முறையின் அடிப்படை ஓர் அட்டவணை. வரருசியின் பெயரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள் 248 நாட்களுக்கு நிலவின் இடத்தைச் சொல்கின்றன. கடந்த நாட்களின் தொகையிலிருந்து 12372, 3031, 248 ஆகியவற்றை முடிந்த மட்டும் கழித்தால் மிஞ்சுவதே வரி எண். கணக்கு ஒன்றுதான்; மாறுவது வரி. எண்கள் கடபயாதி முறையில் எழுத்துகளாக மனப்பாடத்தில் இருந்தன. ஓர் எழுத்து திரிந்து ஒரு பாகை கூடிவிட்டால் திதி ஏறக்குறைய 5 நாழிகை தள்ளிப்போகும். அதுவும் அந்த வரி வருகிற நாளையொட்டி மட்டும். மற்ற நாளெல்லாம் பஞ்சாங்கம் ஒழுங்காகவே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது.

மரபுக்கு இது தெரிந்திருந்தது. வாக்கிய சோதனம் என்று ஒரு வழி வைத்திருந்தார்கள். முதல் வரி 12 பாகை 3 கலை. 247ஆம் வரி 15 பாகை 41 கலை. கூட்டினால் கடைசி வரியான 27 பாகை 44 கலை வரவேண்டும். இரண்டாம் வரிக்கு 246, மூன்றாம் வரிக்கு 245 என்று முழுச்சுற்று நீக்கி எல்லா இணையும் இப்படியே. ஒத்துவராத இணையை மட்டும் எடுத்து முன்பின் நாட்களோடு வைத்துப் பார்த்தால் திரிந்த வரி அகப்படும். சோதனைப் பட்டியலில் தோற்றுப்போன உள்ளீட்டை மட்டும் கணிப்பொறியில் தனியே ஓட்டிப் பார்க்கிற நிரலாளர் செய்வதும் இதே காரியம்தான்.

ஆனால் இது அட்டவணையை அட்டவணையோடு ஒப்பிடுவது, வானத்தோடு அல்ல. 1825இல் புதுச்சேரியில் தமிழ்க் கணிதர் ஒருவர் சோழிகளை வைத்து ஜான் வாரனுக்குச் சந்திர கிரகணம் கணித்துக் காட்டினார். தொடக்கம் 4 நிமிடமும் நடு 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் விலகின. ஒரே கணக்கில் மூன்று அளவுப் பிழை. ‘தப்பு’ என்ற ஒற்றைத் தீர்ப்பு இதில் எதை விளக்கும்?

இன்னொன்றும் உண்டு. 2021 டிசம்பர் 14, கார்த்திகையில், ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி. மற்றப் பல கோயில்களில் 2022 ஜனவரி 13, மார்கழியில். பஞ்சாங்கம் பிசகிவிட்டதா? இல்லை. மார்கழிக் கடைசியில் ஏகாதசி வந்தால் இராப்பத்து தைத்தேர்த் திருநாளோடு மோதும். அதனால் 19 ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்கே மாதம் மாறுகிறது. பிழை போலத் தெரிவது விதி.

ஆக, வரி திரிந்திருக்கலாம். வரிகள் ஒத்திருந்தும் கணக்கு வானத்தை விட்டு விலகியிருக்கலாம். அல்லது அது பிழையே அல்ல. மூன்றையும் பிரிக்காமல் மரபைக் காப்பதும் சரி, தூக்கியெறிவதும் சரி, விமர்சனம் ஆகாது. இரண்டுமே அட்டவணையைத் திறந்து பார்க்கிற வேலையைத் தட்டிக்கழிக்கின்றன.