நஷ்ட ஈடும் வழக்குச் செலவும்

திருவாரூரில் தேர்க்காலில் அகப்பட்டு மாண்ட கன்றுக்காகத் தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்த கதையை நேயர்கள் நன்கறிவர். அப்பசு கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டவில்லை, வக்கீலையும் நாடவில்லை. ஆனால் ஆங்கிலேயர் நிறுவிய நீதிமன்றங்களில் முறையிடுவதற்கே பொருள் வேண்டியதாயிற்று.

பிறர் குற்றத்தால் ஒருவர் உயிரிழந்தால் அவருடைய மனைவி மக்களும் பெற்றோரும் நஷ்ட ஈடு கோரலாம் என்று 1855-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. உரிமை கிடைத்தது, அதைக் கேட்கும் செலவோ கேட்பவர் தலையிலேயே விழுந்தது. 1870-ஆம் ஆண்டின் கோர்ட்டுக் கட்டணச் சட்டப்படி, கோரும் தொகை ஏற ஏறக் கட்டணமும் ஏறிற்று. பெருங்காயம் பட்டவரே பெருங்கட்டணமும் செலுத்த வேண்டியவரானார். ஏழைகளுக்குப் பாப்பர் மனு என்ற வழி இருந்தது. எனினும் அவர்கள் தம் வறுமையை முதலில் மெய்ப்பிக்க வேண்டும். தோற்றால் விடுபட்ட கட்டணம் மீண்டும் அவர்களைத் தேடி வரும்.

இக்கட்டை முதலில் தளர்த்தியது 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம். ஆலையில் கையிழந்தவர் முதலாளியின் குற்றத்தை நிரூபிக்க வேண்டிய அவசியமின்றிக் கமிஷனரிடம் முறையிடலாயினர். சாலை விபத்துக்களுக்குத் தனி டிரிப்யூனல்கள் அமைக்க 1956-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இன்னொரு செலவும் இருந்தது. விபத்து நேர்ந்த வட்டாரத்து டிரிப்யூனலிலேயே மனுச் செய்தல் வேண்டும். பம்பாயில் பிழைப்பவர் சேலத்தருகே அடிபட்டால், வாய்தாதோறும் ரயிலேற வேண்டும். அன்றைய கூலியையும் இழக்க வேண்டும். 1994-ஆம் ஆண்டுத் திருத்தமே இத்துன்பத்தை நீக்கிற்று. அதன்படி மனுதாரர் தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம்.

வக்கீல் கட்டணத்தையும் முன்னரே பேசித் தெளிதல் நன்று. கிடைக்கும் தொகையில் பங்கு என்று ஒப்பந்தம் செய்வதை நம் நாட்டு வக்கீல் தொழில் விதிகள் தடுக்கின்றன. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பெண்கள், குழந்தைகள், ஆலைத் தொழிலாளர், ஊனமுற்றோர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோர் வருமானம் எதுவாயினும் இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையோர். மாவட்டந்தோறும் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம்.

2019-ஆம் ஆண்டுத் திருத்தம் சாலை விபத்து மனுவுக்கு ஆறு மாதக் கெடு விதித்தது. அது 2022 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. ஆதலின் செலவுக்கு அஞ்சிக் காலம் தாழ்த்துவது, உள்ள உரிமையையும் ஐயத்துக்கு இடமாக்கிவிடும்.