கணினியின் மின்பொத்தானும் மின்வெட்டும்

1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியின் பக்கவாட்டில் ஒரு பெரிய சிவப்பு சுவிட்ச் இருந்தது. அதை அணைத்தால் மின்சாரம் அடியோடு நின்றுவிடும். 1995இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் தரம் இதை மாற்றியது. புதிய பொத்தான் தாய்ப்பலகைக்குச் சமிக்ஞை மட்டுமே தந்தது. கணினி அணைந்திருந்தாலும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். மென்பொருளே கணினியை அணைக்க முடிந்தது, வசதிதான். ஆனால் மின்வெட்டுக்குப் பின் மின்சாரம் ஏற்ற இறக்கத்தோடு திரும்பும்போது பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொள்வதுண்டு. அப்போது பொத்தானை எத்தனை முறை அழுத்தியும் பயனில்லை. மின்வடத்தைக் கழற்றி, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மீண்டும் செருகினால் பல கணினிகள் இயங்கிவிடும்.

2000களின் தொடக்கத்தில் வந்த பல தாய்ப்பலகைகளுக்கு இதுவும் உதவவில்லை. அவற்றின் தரமற்ற மின்தேக்கிகள் ஏற்கெனவே உப்பியிருந்தன. மின்வெட்டில் நின்ற கணினி மறுபடி எழவில்லை. பலர் மின்வெட்டையே குறை சொன்னார்கள்.