ஊரில் உள்ள சொத்தும் கனடா வரிக் கணக்கும்

கனடாவில் ஏப்ரல் 30 நெருங்கும்போது நாம் சம்பளச் சீட்டையும் பற்றுச்சீட்டுகளையும் தேடி எடுக்கிறோம். ஊர் வங்கியில் உள்ள நிலையான வைப்பும் வாடகைக்கு விட்ட வீடும் நினைவுக்கு வருவதில்லை. "அது அங்கத்தைய காசு" என்பது எம்மவரிடையே உள்ள எண்ணம். ஆனால் கனடாவில் வதிபவர் எந்த நாட்டில் வட்டியோ வாடகையோ பெற்றாலும் இங்கே காட்ட வேண்டும். அங்கே கட்டிய வருமான வரிக்கு இங்கே கழிவு கோரலாம்.

வெளிநாட்டு முதலீடுகளின் மொத்தக் கொள்விலை ஆண்டின் எந்த வேளையிலாவது 100,000 கனடிய டொலரைத் தாண்டினால், ரி1135 என்ற படிவமும் கட்டாயம். வருமானமே வராவிட்டாலும் விலக்கில்லை. பெற்றோர் குடியிருக்கும் வீடு போன்ற சொந்தப் பாவனைச் சொத்துகள் இதில் சேரா. முதன்முறை கனடாவில் குடியேறியவர்களுக்கு அந்த முதல் வரியாண்டில் இப்படிவம் தேவையில்லை. மற்றவர்கள் பிந்தினால் நாளொன்றுக்கு 25 டொலர் வீதம் 2,500 டொலர் வரை தண்டம் வரலாம். தெரிந்தே மறைத்தால் தண்டம் இன்னும் கூடும்.

கணக்காளர் நிரப்பினாலும் பொறுப்பு எம்முடையதே. அவர் கேட்காவிட்டாலும் ஊர்ச் சொத்து விபரத்தை நாமே சொல்லுவோம். நிரப்பியதை வாசித்த பின்பே ஒப்பமிடுவோம். பத்திரங்களை 6 ஆண்டுகளாவது பேணுவோம். முன்னைய ஆண்டுகளில் விடுபட்டிருந்தால், தாமாக முன்வந்து தெரிவிப்போருக்குத் தண்டத்தில் சலுகை தரும் திட்டம் உண்டு. வரித்துறையின் கடிதம் வரும்வரை காத்திராமல், வெளிநாட்டுச் சொத்து விடயத்தில் அனுபவமுள்ள கணக்காளரை நாடுவது நல்லது.