போத்தலில் மிஞ்சிய காற்று

மியூனிக் நகரில் வசிக்கும் நண்பர் ஒருவர் ஒரு குளிர்காலத்தில் தேன்மது தயாரித்தார். ஒரு பங்கு தேன், மூன்று பங்கு தண்ணீர், சிறிது மதுவம். 10 லீற்றர் கொள்ளும் கண்ணாடிக் குடுவை. ஜேர்மனியர் இதனை 'மெற்' என்பர். வடமொழியின் 'மது' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து கிளைத்ததென்பது மொழியியலாளர் கருத்து. நமக்கும் இது புதிய பானமல்ல. மூங்கிற் குழாயில் விளைந்த தேன்தேறலைப் பற்றி மலைபடுகடாம் பேசுகிறது.

ஆறு வாரங்கள் நுரைத்து அடங்கியபின் வண்டலை விலக்கித் தெளிந்த மதுவை இறக்கினார். மிஞ்சியது 6 லீற்றர். அதைக் கழுவிய அதே குடுவையில் ஊற்றி மூடினார். மேலே 4 லீற்றர் வெற்றிடம். வருகிறவர் எல்லோருக்கும் மூடியைத் திறந்து மணம் காட்டினார். பங்குனியில் மேற்பரப்பில் வெண்படலம் படர்ந்தது. வாயில் வைத்தால் வினாகிரி!

அன்றிரவு பெரிய வாக்குவாதம். தேன் கூடாது என்றார் நண்பர். காற்றுத்தான் கெடுத்தது என்றார் ஒருவர். காற்று என்ன செய்யும், கிருமிதான் காரணம் என்றார் மற்றவர். ஊரில் காலையில் இறக்கிய கள் பின்னேரத்துக்குள் புளித்துவிடுவதும், முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர் புளிக்காமல் நிற்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தன. ஆனால் ஒருவரும் மற்றவரின் பேச்சுக்குச் செவிகொடுக்கவில்லை. இதே சண்டை இதே நகரில் ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்னர் நடந்தது என்பதை நான் பின்னர்தான் அறிந்தேன்.

அன்று ஒரு பக்கம் நின்றவர் யுஸ்டுஸ் ஃபொன் லீபிக். 1852இல் மியூனிக்குக்கு அழைத்து வரப்பட்ட புகழ்பெற்ற இரசாயன அறிஞர். நொதித்தலுக்கு உயிர் தேவையில்லை, அது வெறும் இரசாயன மாற்றம் என்பது அவரது நீண்டகால வாதம். மதுவம் ஓர் உயிரி என்று 1837இல் தியோடோர் ஷ்வான் முதலியோர் சொன்னபோது, லீபிக்கும் நண்பர் வோலரும் 1839இல் பெயர் போடாமல் ஒரு கேலிக் கட்டுரையே வெளியிட்டனர். மறுபக்கம் நின்றவர் பிரான்சின் லூயி பாஸ்டர். மதுவை வினாகிரியாக்குவது மேற்பரப்பில் படரும் நுண்ணுயிரே, அது காற்றின் ஒட்சிசனைக் கொண்டு மதுசாரத்தை அசற்றிக் அமிலமாக்குகிறது என்று அவர் 1860களில் காட்டினார்.

லீபிக் இதை ஏற்கவில்லை. மியூனிக்கில் ரீமர்ஷ்மிட் என்பவரின் வினாகிரி ஆலையைச் சான்றாக எடுத்துக்கொண்டார். பீச் மரச் சீவல்கள் நிறைந்த பீப்பாயில் மதுசாரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக ஒழுகவிட்டுக் கீழிருந்து காற்றைப் புகவிடுவார்கள். அந்தச் சீவல்களில் பாஸ்டர் சொல்லும் உயிரி எதுவும் இல்லை, மரமும் காற்றும் போதும் என்றார் லீபிக்.

1870 ஜூலையில் பாஸ்டர் மியூனிக்குக்கே வந்து லீபிக்கைச் சந்தித்தார். லீபிக் மரியாதையாக வரவேற்றார். ஆனால் உடல்நலத்தைக் காரணம் காட்டி இந்த விடயத்தைக் கதைக்க மறுத்துவிட்டார். அதே மாதம் 19ஆம் திகதி பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் யுத்தம் மூண்டது. பொன் பல்கலைக்கழகம் 1868இல் தமக்கு அளித்த கௌரவப் பட்டத்தை 1871இல் பாஸ்டர் திருப்பியனுப்பினார். விஞ்ஞானச் சண்டைக்குள் தேசியமும் புகுந்துகொண்டது.

யுத்தத்தின் பின் பாஸ்டர் ஒரு சவால் விடுத்தார். அந்த மியூனிக் ஆலையிலிருந்து சில சீவல்களை எடுத்து உலர்த்திப் பாரிசுக்கு அனுப்புங்கள். அறிஞர் குழுவின் முன் நுணுக்குக்காட்டியில் அவ்வுயிரியைக் காட்டுகிறேன் என்றார். சீவல்கள் போய்ச் சேரவில்லை. 1873இல் லீபிக் மியூனிக்கில் காலமானார்.

பாஸ்டரின் வெற்றியோடு கதை முடியவில்லை. மியூனிக்கில் பிறந்த எடுவார்ட் பூக்னர், தம் அண்ணன் ஹான்ஸ் தலைமை வகித்த அந்நகரின் சுகாதார நிறுவனத்தில் மதுவத்தை மணலோடு அரைத்துப் பிழிந்த சாற்றில் சீனியைச் சேர்த்தபோது, உயிருள்ள கலம் இல்லாமலே நொதித்தல் நடந்தது. 1897இல் வெளியான இந்த ஆய்வுக்கு 1907இல் நோபல் பரிசு கிடைத்தது. வேலையைச் செய்வது உயிரி ஆக்கும் நொதியம். நடப்பதோ இரசாயன மாற்றம். லீபிக் சொன்னதிலும் ஒரு பங்கு உண்மை இருந்தது.

நண்பரின் குடுவைக்கு வருவோம். நுரைக்கும் காலத்தில் வெற்றிடம் அவசியம். இல்லாவிட்டால் நுரை பொங்கி வழியும். அப்போது எழும் காபனீரொட்சைட்டு காற்றை வெளியே தள்ளிவிடுவதால் ஆபத்துக் குறைவு. நுரை அடங்கியபின் அந்தக் காவல் இல்லை. 4 லீற்றர் காற்றில் ஒட்சிசன் 1 கிராமுக்குச் சற்றே அதிகம். அது முழுவதும் செலவானாலும் உண்டாகும் அசற்றிக் அமிலம் சுமார் 2 கிராம். 6 லீற்றரில் அதை நாக்கு உணர்வதே அரிது. ஆகவே ஒருமுறை அடைபட்ட காற்று மட்டும் அந்த மதுவை வினாகிரியாக்கவில்லை. திறந்த ஒவ்வொரு முறையும் புதுக் காற்று புகுந்தது. உயிரிக்கு மீண்டும் மீண்டும் தீனி கிடைத்தது. ஆலைக்காரர் சீவல்களைக் கொண்டு வேண்டுமென்றே செய்ததை நண்பர் அறியாமற் செய்தார்.

பரிகாரம் எளிது. மதுவைச் சிறிய போத்தல்களுக்கு மாற்றிக் கழுத்துவரை நிரப்பலாம். அதே வகைத் தேன்மதுவால் குறையை நிரப்பலாம். கொதிநீரில் சுத்தம் செய்த கண்ணாடிப் போளைகளை மெதுவாக இறக்கி மட்டத்தை உயர்த்தலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, திறந்து திறந்து பார்க்காமல் இருக்கவேண்டும்.

அன்றிரவு காற்று என்றவரும் கிருமி என்றவரும் ஆளுக்குப் பாதி சரி. புலம்பெயர்ந்த நம்மிடையே இதைவிடப் பெரிய வாக்குவாதங்கள் நடக்கின்றன. மற்றவர் கையிலுள்ள சான்றை வாங்கிப் பார்க்க மறுத்தே அவற்றில் பல ஆண்டுகளை இழந்திருக்கிறோம். மியூனிக்கின் மாக்ஸிமிலியான் சதுக்கத்தில் லீபிக்கின் சிலை இருக்கிறது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் அனுப்பப்படாத அந்த மரச் சீவல்கள்தான் என் நினைவுக்கு வருகின்றன.

நண்பர் இந்த வருடம் மீண்டும் தேன் வாங்கியிருக்கிறார். கூடவே ஆறு சிறிய போத்தல்களும்.