கட்டாயப் பாடத்தின் கதை

உயர்தர மாணவருக்குப் பொதுச் சாதாரணப் பரீட்சைக்கான வகுப்பெடுக்கப் போகும்போதெல்லாம் ஒரே வார்த்தையைக் கேட்டிருக்கிறேன்: "முப்பது எடுத்தாக் காணும் சேர்." பல்கலைக்கழகத் தகுதிக்கு முப்பது புள்ளி போதும், அதற்கு மேல் எடுத்தாலும் இசட் புள்ளி ஏறாது. பிறகு பிள்ளைகளைக் குறைசொல்லி என்ன பயன்? கட்டாயம் இப்படித்தான் தேய்ந்து போகிறது. ஆனால், கட்டாயத்தையே எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகம் ஒருமுறை செய்து பார்த்தது.

1869இல் அதன் தலைவராக வந்த சார்ள்ஸ் எலியட் ஓர் இரசாயனவியலாளர். அதுவரை லத்தீன், கிரேக்கம், கணிதம் என்று எல்லோரும் பெரும்பாலும் ஒரே பாடங்களையே படித்தனர். நாற்பது ஆண்டுகள் பதவியிலிருந்த எலியட், பாடத்தைத் தெரிவுசெய்யும் உரிமையை மாணவரிடமே விட்டார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் முதலாம் ஆண்டின் ஆங்கில எழுத்துப் பயிற்சி தவிர வேறெதுவும் கட்டாயமாக எஞ்சவில்லை எனலாம். விஞ்ஞானத்துக்கு வாசல் திறந்தது. அதை மறுக்க முடியாது. கூடவே, இலகுவான ஆரம்பப் பாடங்களாகப் பொறுக்கியெடுத்துப் பட்டம் பெற்றவர்களும் பெருகினர். 1909இல் அவருக்குப் பின் வந்த லோவல், ஒரு துறையில் ஆழமும் ஏனையவற்றில் பரப்பும் வேண்டுமென மறுபடியும் விதி செய்தார்.

நியூயோர்க்கின் கொலம்பியாவில் கதை வேறு. முதலாம் உலகப் போரின்போது, படைப் பயிற்சியிலிருந்த மாணவருக்குப் போரின் காரணங்களை விளக்க ஒரு பாடம் நடந்தது. போர் ஓய்ந்ததும், சமாதானத்தையும் படிக்க வேண்டாமா என்ற கேள்வி எழுந்தது. 1919இல் 'சமகால நாகரிகம்' முதலாம் ஆண்டினருக்குக் கட்டாயமாயிற்று. மண்டபம் நிறைந்த விரிவுரை அல்ல. சிறு குழுவாக அமர்ந்து விவாதிப்பது. நாற்பது பேருக்கு முன்னால் வெண்கட்டியோடு நிற்கும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

கட்டாயம் வேண்டும் என்பதே என் கட்சி. இப்னு கல்தூனின் பெயரைக்கூடக் கேளாமல் ஒருவர் வைத்தியராவதும், தடுப்பூசி எப்படி வேலை செய்கிறதென்று அறியாமலே இன்னொருவர் கலைப் பட்டதாரியாவதும் எனக்கு ஒரே குறையாகத்தான் தெரிகின்றன. ஆனால், கட்டாயமாக்கும் நூற்பட்டியலை எழுதுவது யார்? கொலம்பியாவின் 'நாகரிகம்' நெடுங்காலம் ஐரோப்பாவின் நாகரிகமாகவே இருந்தது. ஸ்டான்போர்டில் 'மேற்கத்தியப் பண்பாடு' என்ற கட்டாயப் பாடத்துக்கெதிராக மாணவர் கிளர்ந்தனர். 1988இல் அதை மாற்றி, பிற பண்பாடுகளின் நூல்களுக்கும் இடம் வைத்தனர்.

கொலம்பியாவின் பட்டியலிலும் பின்னாளில் திருக்குர்ஆன் சேர்ந்தது. முஸ்லிமல்லாத பிள்ளைகளும் அதை மொழிபெயர்ப்பில் வாசித்து விவாதிக்கிறார்கள். கற்பிப்பவர் தத்துவத் துறையிலிருந்தோ வரலாற்றுத் துறையிலிருந்தோ வரலாம். அறபு தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை. இது மகிழ்ச்சியா கவலையா என்று கேட்டால், எனக்கு இரண்டும்தான்.