நீர்வண்ண இயற்கை ஓவியம்

செடி, பூ, பறவை, பூச்சி, வானம், நிலம் ஆகியவற்றை நீரில் கரையும் வண்ணத்தால் தாளில் தீட்டுவது நீர்வண்ண இயற்கை ஓவியம். பொடித்த நிறமியை வேல மரப் பிசினில் குழைத்து, காய்ந்து வெடிக்காமலிருக்கக் கொஞ்சம் கிளிசரினோ தேனோ சேர்த்தால் நீர்வண்ணம் கிடைக்கிறது. நிறமியோடு நீரில் கரையும் பசையைச் சேர்த்துக் குச்சியாக்கி மரத்துக்குள் பொதித்தால் அது நீர்வண்ணப் பென்சில். ஈரப் பிரஷ் பட்டதும் பென்சில் கோடு இளகி வண்ணமாகப் பரவும்.

இந்தக் கலையில் வெளிச்சத்தைத் தருவது தாள்தான். மெல்லிய வண்ணப் படலத்தை ஊடுருவிப் போகும் ஒளி, அடியிலுள்ள வெண்மையில் பட்டுத் திரும்பி வரும்போது கண்ணுக்கு நிறமாகத் தெரிகிறது. கொக்கின் வெள்ளை, பனித்துளியின் பளபளப்பு, நீரில் மின்னும் வெயில் எல்லாம் வண்ணம் படாமல் விடப்பட்ட தாள். ஆகவே எந்த இடத்தை வெறுமையாக விடுவது என்பதை முதல் தீற்றலுக்கு முன்பே ஓவியர் முடிவு செய்துவிட வேண்டும். பிறகு வெளிறிய நிறத்தில் தொடங்கி அடர்நிறத்துக்குப் போவது வழக்கம். அடர்த்தியாக ஒருமுறை பூசிவிட்டால் பழைய வெண்மையை முழுதாக மீட்பது கடினம்.

ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1502இல் ஒரு முயலையும் 1503இல் ஒரு புல்திட்டையும் நீர்வண்ணத்தில் தீட்டினார். இரண்டும் வியன்னாவின் ஆல்பர்டினா அருங்காட்சியகத்தில் உள்ளன. முயலின் உரோமம் இழை இழையாகத் தெரிகிறது. அதற்காக அவர் ஒளி ஊடுருவாத வண்ணத்தையும் சேர்த்துப் பயன்படுத்தினார். புல்திட்டில் இருப்பவை யாரும் குனிந்து பார்க்காத களைச்செடிகள். அவற்றை ஓர் ஓவியத்தின் முழுப் பொருளாக்கியது அந்தக் காலத்துக்குப் பெரிய துணிச்சல். 1699இல் மகளுடன் தென்னமெரிக்காவின் சுரிநாமுக்குக் கப்பலேறிய மரியா சிபில்லா மெரியன், புழு முதல் பட்டாம்பூச்சி வரையான பருவங்களை அவை வாழும் செடியோடு ஒரே படத்தில் தீட்டினார். 1705இல் வெளிவந்த அவரது நூல் ஓவியர்களுக்கும் பூச்சியியலாளர்களுக்கும் ஒருசேரப் பாடமானது.

தமிழகத்தின் செடிகொடிகளுக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்கு ரங்கையா, கோவிந்து என்ற இரு இந்திய ஓவியர்கள் படம் வரைந்தனர். நீலகிரிச் செடிகள் உட்பட எண்ணற்ற தாவரங்களை அவர்கள் தீட்டினர். 1838 முதல் 1853 வரை வைட் வெளியிட்ட தாவரப் படத் தொகுதிகள் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைக் கொண்டவை. அவற்றுக்கு அடிப்படை இவர்களின் உழைப்பு. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். ஆனாலும் அந்த நூல்களைப் புரட்டுகிறவர்கள் வைட்டை நினைவில் வைக்கும் அளவுக்கு இவ்விருவரையும் வைப்பதில்லை. அது நியாயமில்லை.

உத்திகளில் முதன்மையானவை இரண்டு. நனைத்த தாளில் வண்ணம் விடுவது ஒன்று: விளிம்பு கரைந்து பரவும், மழைமேகத்துக்கும் தொலைவு மலைக்கும் ஏற்றது. காய்ந்த தாளில் தீட்டுவது மற்றொன்று: விளிம்பு கூர்மையாக நிற்கும், இலை நரம்புக்கும் இறகுக்கும் ஏற்றது. பூவரசம் பூவை எடுத்துக்கொண்டால் இரண்டும் தேவைப்படுகின்றன. இதழை நனைத்து வெளிர் மஞ்சளைப் பரவவிட்டு, நன்றாகக் காய்ந்தபின் அடியிலுள்ள கருஞ்சிவப்பைத் தீட்ட வேண்டும். அவசரப்பட்டால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிக் கலங்கிவிடும். தாமதிக்கவும் முடியாது, மஞ்சளாக மலரும் இந்தப் பூ வாடும்போது செந்நிறமாக மாறிவிடுகிறது. எனவே பூவை முதலிலும் இலையைப் பிறகும் முடிப்பது நல்லது.

புதியவர்கள் தடுமாறுவது பச்சையில். ட்யூபிலிருந்து அப்படியே எடுத்த பச்சை பெரும்பாலும் பிளாஸ்டிக் இலையின் நிறம் தரும். மஞ்சளும் நீலமும் கலந்து, அதில் ஒரு துளி சிவப்பு சேர்த்தால் பச்சை அடங்கி உயிர் பெறும். மாந்தளிரில் செம்பும், முற்றிய மாவிலையில் கரும்பச்சையும் இருப்பதை மரத்தடியில் நின்று பார்த்தவருக்கு இந்தக் கலவை எளிது.

நீர்வண்ணப் பென்சில் பிந்தியது. சுவிட்சர்லாந்தின் கரன் டாஷ் நிறுவனம் 1931இல் ‘பிரிஸ்மலோ’ என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஃபேபர்-காஸ்டெல் நிறுவனம் தன் நீர்வண்ணப் பென்சிலுக்கு டியூரரின் பெயரையே வைத்திருக்கிறது. வெளியில் வரைபவருக்குப் பென்சில் பெரும் வசதி: தட்டு வேண்டாம், வண்ணம் சிந்தாது, மீன்கொத்தி பறந்துபோவதற்குள் உருவத்தைப் பிடித்துவிடலாம். உலர்ந்த தாளில் கோடிட்டு ஈரப் பிரஷால் இழுக்கலாம். கூர்முனையிலிருந்தே பிரஷால் வண்ணத்தை எடுக்கலாம். ஈரத்தாளில் நேரடியாக வரைந்தால் கோடு அழுத்தமாக விழும். முனையை உப்புத்தாளில் தேய்த்துப் பொடியை ஈரத்தில் தூவினால் மணலும் பாசி படிந்த பாறையும் வந்துவிடும். ஓர் எச்சரிக்கை: அழுத்தி இட்ட கோடு எவ்வளவு நீர் விட்டாலும் முழுதாகக் கரையாது. இலையின் நரம்பு ஓடும் திசையிலேயே கோடிட்டால் எஞ்சும் தடமும் படத்துக்கு உதவும்.

தாள் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ளதாக இருந்தால் நனைந்தாலும் அதிகம் நெளியாது. நிலக்காட்சிக்குச் சொரசொரப்பான தாள், நுணுக்கமான தாவரப் படத்துக்கு வழுவழுப்பான தாள். பருத்தி இழைத் தாள் விலை கூடுதல். ஆனால் தொடக்கத்தில் வண்ணத்தில் மிச்சம் பிடித்தாலும் தாளில் பிடிக்கக் கூடாது. சில நிறமிகள் வெயிலில் வெளுத்துவிடும் என்பதால், முடிந்த படத்தை நேர் வெயில் படும் சுவரில் மாட்டுவதும் தவறு.

பிரஷைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் நெடுங்காலம் கீரியின் முடியில் பிரஷ் செய்து விற்றார்கள். அதற்காகக் கீரிகள் கொல்லப்பட்டன. கீரி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படும் விலங்கு. அதன் முடியை விற்பது குற்றம். 2019இல் வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகம் இந்த வணிகத்துக்கு எதிராக நாட்டின் பல இடங்களில் சோதனை நடத்தியது. இன்று செயற்கை இழைப் பிரஷ்கள் நீரை நன்றாகத் தாங்குகின்றன, கூர்முனையும் தருகின்றன. இயற்கையை வரைய உட்காருபவர்கள் கடையில் பிரஷ் வாங்கும்போது அது எந்த முடியில் செய்தது என்று கேளுங்கள். கீரி முடி என்றால் வாங்காதீர்கள்.